எட்டு எழுத்துக்குள் ஒரு பொத்தான்

இன்ஜினியரிங் படிக்கப் போகும் உங்களில் பலருக்கு இரண்டாம் வருஷம் முடிவதற்குள் மூன்று பெயர்கள் பழகிவிடும்: மேட்லாப், அன்சிஸ், காம்சோல். பாலம் எவ்வளவு வளையும், சிப் எவ்வளவு சூடாகும், குழாயில் தண்ணீர் எப்படி ஓடும் என்று, பொருளைக் கட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள்கள் இவை. சிமுலேஷன் என்று சொல்வோம். மூன்றிலும் பொதுவாக ஒரு வசதி உண்டு. நீங்கள் போட்டு வைத்த கணக்குக்கு மேலே ஒரு டூல்பார் வைத்து, நாலு பொத்தான் மாட்டி, அந்தக் கணக்கை நீங்கள் எப்படிப் போட்டீர்கள் என்று தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிடலாம். அவர் பொத்தானை அமுக்குவார், விடை வரும்.

அந்தப் பொத்தான் எப்படி அங்கே வந்தது என்பதுதான் இந்தப் பதிவு. போயும் போயும் டூல்பாருக்கு ஒரு வரலாறா என்று சிரிக்கலாம். ஆனால் எதைப் பொத்தானாக வைக்கலாம், எதை மறைக்கலாம் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். சிமுலேஷனில் அந்த முடிவு சின்ன விஷயம் இல்லை.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. டூல்பாருக்குத் தமிழில் கருவிப்பட்டை என்று நல்ல சொல் இருக்கிறது. பொத்தான் மட்டும் நம்முடையது இல்லை, போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் ஏறி வந்த அதே கப்பல்தான். சட்டைக்கு என்று வந்த சொல், இன்று திரையில் இருக்கிறது.

சரி, பொத்தான் இல்லாத காலத்திலிருந்து தொடங்குவோம்.

1960களின் நடுவில் அமெரிக்காவின் நாசாவில் ஒரு சிக்கல். அவர்களுடைய ஆய்வு மையங்கள் ஒவ்வொன்றும் ராக்கெட் உடம்பு தாங்குமா, அதிருமா என்று கணக்குப் போடத் தனித்தனியாக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தன. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று செய்ததுதான் நாஸ்ட்ரான். 1968-இல் நாசா மையங்களுக்குள் அது புழக்கத்துக்கு வந்தது. முறை இதுதான்: ஒரு பெரிய கட்டமைப்பை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாக வெட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் சமன்பாடு எழுது, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்த்துவிடு. ஃபைனைட் எலிமென்ட் முறை என்று உங்கள் பாடப்புத்தகத்தில் வரும். துண்டுகள் சேர்ந்த அந்த வலைதான் மெஷ்.

இந்த நாஸ்ட்ரானுடன் எப்படிப் பேசுவது? அட்டையில் துளை போட்டுத்தான். ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள். நாஸ்ட்ரான் அதைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எட்டு எழுத்து, அதற்கு மேல் இடம் கிடையாது. ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஓர் அட்டை: முதல் எட்டில் அட்டையின் பெயர், அடுத்த எட்டில் புள்ளியின் எண், அதற்கடுத்ததில் எந்த அச்சு முறை, பிறகு மூன்று எட்டுகளில் எக்ஸ், ஒய், இசட். ஆயிரம் புள்ளி இருந்தால் ஆயிரம் அட்டை. ஒரு எண் ஒரே ஒரு நெடுவரிசை தள்ளி விழுந்தாலும் அது வேறு கட்டத்துக்குப் போய்விடலாம்.

அட்டைக் கட்டைக் கொண்டுபோய்க் கணினி அறையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடை அச்சடித்த தாளாக வரும். இன்று அட்டையை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆனால் விமானத் துறையிலும் கார்த் துறையிலும் நாஸ்ட்ரான் ஃபைலின் ஒரு வரியை 'கார்டு' என்றே இன்னமும் சொல்கிறார்கள். உங்கள் வயதுக்காரர்கள்கூட வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அப்படிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

அட்டைக்கு ஒரு நல்ல குணம் இருந்தது, இதை மறந்துவிடாதீர்கள். எதுவுமே மறைந்திருக்காது. போட்ட எண் எல்லாம் கண் முன்னால் இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு.

அதே காலத்தில் வேறொரு பாதையும் திறந்துகொண்டிருந்தது. 1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் என்ற மாணவர் தன் டாக்டர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளைச் செய்தார். டிஎக்ஸ்-2 என்ற கணினியின் திரையில் ஒளிப்பேனாவை வைத்து நேராகக் கோடு வரையலாம். பேனா வலது கையில். இடது கைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் அமுக்குகிற பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் கோடு, இன்னொன்றை அமுக்கினால் வட்டம், இன்னொன்றில் அழிக்கலாம். திரையில் இருந்த பொத்தான் இல்லை, விரலால் தொடுகிற நிஜப் பொத்தான். ஆனாலும் இன்றைய டூல்பாரின் அடிப்படை அங்கேயே இருக்கிறது: ஒரு கை வேலை செய்கிறது, மறு கை எந்த வேலை என்று சொல்கிறது.

அந்தப் பொத்தான் திரைக்குள் ஏறியது மெல்லத்தான். 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில் ஃபைலும் ஃபோல்டரும் சின்னப் படங்களாகத் தெரிந்தன. 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷில் பில் அட்கின்சன் எழுதிய மேக்பெயின்ட் வந்தது. திரையின் இடது ஓரத்தில் பென்சில், வண்ண வாளி, சுருக்குக் கயிறு என்று படங்கள் வரிசையாக இருக்கும். அந்த மெக்கின்டாஷுக்கு ஐகான்கள் வரைந்த சூசன் கேர், கட்டம் போட்ட நோட்டில் 32-க்கு 32 கட்டங்களை நிரப்பி வரைந்தார். இன்று நீங்கள் காணும் ஐகான்களில் பலவற்றுக்கு அந்த நோட்டுதான் பாட்டி வீடு. அலுவலக மென்பொருளில் 1990-இல் எக்செல்லின் மூன்றாம் பதிப்பு டூல்பாரோடு வந்தது. அதற்குப் பிறகு டூல்பார் இல்லாத மென்பொருளைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

வரைபட மென்பொருள்காரர்கள் இடையில் ஒரு வேடிக்கை செய்தார்கள். 1982-இல் வந்த ஆட்டோகேடில் வேலை செய்தவர்கள், மேசையில் ஒரு மின் பலகையை வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டிக்கொள்வார்கள். தாளில் கட்டம் கட்டமாகக் கட்டளைகள். கட்டத்தின்மேல் குறி வைத்து அழுத்தினால் வேலை நடக்கும். திரையில் இடம் போதாததால் டூல்பாரை மேசைக்கு இறக்கிவிட்டார்கள். தனக்கு வேண்டிய கட்டளைகளைத் தானே எழுதி அந்தக் கட்டங்களில் பொருத்திக்கொள்ளவும் முடியும். 1986-இல் ஆட்டோலிஸ்ப் என்ற மொழியும் சேர்ந்தபோது, மென்பொருள் கம்பெனி நினைத்தே பார்க்காத கட்டளைகளை அங்கங்கே இருந்த வரைவாளர்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

இனி என் மனதுக்குப் பிடித்த பகுதி. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஜான் சுவான்சன் வெஸ்டிங்ஹவுஸில் வேலை செய்த பொறியாளர். அங்கிருந்து விலகி, 1970-இல் பென்சில்வேனியாவில் தன் பண்ணை வீட்டில் ஒரு கம்பெனி தொடங்கினார். அவர் எழுதிய மென்பொருள்தான் அன்சிஸ். அதுவும் துளை அட்டைக் காலத்துப் பிள்ளைதான். கட்டளைகளாகவே வளர்ந்தது. தொண்ணூறுகளில் அதற்கு ஜன்னலும் மெனுவும் வந்தன. ஜன்னலின் மேலே ஒரு டூல்பார். அதில் ஐகான் கிடையாது. வெறும் எழுத்துப் பொத்தான்கள் நாலு: சேமி, சேமித்ததை மீண்டும் எடு, வெளியேறு, படம் காட்டும் முறையை மாற்று.

இந்த டூல்பாரில் யார் வேண்டுமானாலும் தனக்கென்று ஒரு பொத்தான் சேர்க்கலாம். அதற்கு ஒரே ஒரு கட்டளை. 'அப்ரிவியேஷன்' என்பதன் சுருக்கம் அந்தக் கட்டளையின் பெயர். ஒரு சுருக்கப் பெயரையும், அது எந்தக் கட்டளைக்குப் பதிலாக நிற்கிறது என்பதையும் சொன்னால் போதும், மறு நொடி டூல்பாரில் பொத்தான் நிற்கும். ஐம்பது வரிக் கட்டளைகளை மேக்ரோவாக ஒரு ஃபைலில் எழுதி, அதன் பெயரைப் பொத்தானுக்குக் கொடுத்தால், அந்த ஐம்பது வரியும் ஒரு அமுக்கில் ஓடும். பொத்தான்களை ஒரு ஃபைலில் சேமித்துப் பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுக்கலாம். ஒரு பொத்தானை அமுக்கினால் வேறொரு டூல்பாரே வந்து உட்காரும்படியும் செய்யலாம்.

ஒரே நிபந்தனை: பொத்தானின் பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும்.

மறுபடியும் எட்டு. அதனால்தான் அந்த நாலு பொத்தான்களின் பெயர்களும் பார்க்க விசித்திரமாக இருக்கும். 'ரெசியூம்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை வெட்டித்தான் உள்ளே திணித்திருந்தார்கள். 'பவர் கிராஃபிக்ஸ்' என்பதில் உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் பிடுங்கிவிட்டு, வாலையும் நறுக்கி எட்டாக்கினார்கள். புதிதாக வந்தவருக்கு அது என்னவென்று ஊகிக்கவே முடியாது. யாராவது சொல்லித்தர வேண்டும்.

இதைக் குறை என்று மட்டும் நான் பார்க்கவில்லை. அன்சிஸ் வைத்திருந்த ஒரு அலுவலகத்தில் மூத்த பொறியாளர் தன் அறிவைப் பொத்தானாக மாற்றிப் பிறருக்குக் கொடுக்க முடிந்தது. மென்பொருள் கம்பெனியிடம் கெஞ்ச வேண்டியதில்லை, கணினி அறிவியல் படிக்க வேண்டியதில்லை. 'ஆப்' என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அது ஒரு ஆப்தான். இன்றைய அழகான ஆப்களைவிட அதில் நேர்மையும் கூடுதல்: பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், மேக்ரோ ஃபைலைத் திறந்து வரி வரியாகப் படிக்கலாம்.

காம்சோலின் கதை சுவீடனில் தொடங்குகிறது. 1986-இல் ஸ்டாக்ஹோமில், ஸ்வான்டே லிட்மார்க், ஃபர்ஹாத் சயீதி என்ற இரண்டு பேர் தொடங்கிய கம்பெனி. 1998-இல் ஃபெம்லாப் என்ற பெயரில் மேட்லாபோடு ஒட்டிக்கொண்டு வந்த மென்பொருள், 2005-இல் காம்சோல் மல்டிஃபிசிக்ஸ் என்று பெயர் மாறியது. 2014-இல் அதற்குள்ளேயே அப்ளிகேஷன் பில்டர் வந்தது. மவுஸால் இழுத்து ஆப் செய்யும் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுப் படிவம் ஒன்று இருக்கும். அதில் எழுத்துப் பெட்டி, ஸ்லைடர், வரைபடம், டூல்பார் என்று வேண்டியதை வைக்கலாம். டூல்பாருக்குள் ஒவ்வொரு பொத்தானாகச் சேர்த்து, ஐகானும், மவுஸ் மேலே வந்தால் தெரியும் குறிப்பும் கொடுத்து, அமுக்கினால் எது எது எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று சொல்லலாம்: முதலில் கணக்கைப் போடு, பிறகு வெப்பநிலைப் படத்தைக் காட்டு, பிறகு அறிக்கை எழுது. அதற்கும் மேலே வேண்டுமென்றால் ஜாவாவில் எழுதலாம். 2018-இல் வந்த கம்பைலரைக் கொண்டு அந்த ஆப்பைத் தனி மென்பொருளாகவே மாற்றிவிடலாம், வாங்குபவரிடம் காம்சோல் இருக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு பொருளின் பெயர் 'கார்டு ஸ்டாக்'. நிலைமைக்கு ஏற்ப ஒன்றை மட்டும் காட்டி மற்றவற்றை ஒளித்துவைக்கும் அட்டைக் கட்டு. அட்டை போய்விட்டது என்றா நினைத்தீர்கள்? வேறு வேலைக்குத் திரும்பி வந்திருக்கிறது. முன்பு எல்லாவற்றையும் காட்டியது, இப்போது மறைக்க உதவுகிறது.

மறைப்பதில் அப்படி என்ன ஆபத்து? அதற்கு நார்வேக்குப் போக வேண்டும்.

1991 ஆகஸ்ட் 23. ஸ்டாவாஞ்சர் நகருக்குப் பக்கத்தில் கான்ட்ஸ்ஃபியோர்ட் என்ற கடல் இடுக்கு. ஸ்லைப்னர் ஏ என்ற எரிவாயு மேடைக்காகக் கட்டிய பிரமாண்டமான கான்கிரீட் அடித்தளத்தை அங்கே சோதனைக்காக மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே 24 அறைகள். ஆழம் 65 மீட்டரை எட்டியபோது ஒரு சுவர் வெடித்தது. தண்ணீர் புகுந்தது. பம்புகளால் சமாளிக்க முடியவில்லை. முழு அடித்தளமும் மூழ்கி, கடலடியில் மோதி நொறுங்கிய அதிர்ச்சி, நிலநடுக்கக் கருவிகளில் 3 என்று பதிவானது. உயிர்ச்சேதம் இல்லை. பண இழப்பு சுமார் 70 கோடி டாலர்.

விசாரணையில் தெரியவந்தது இது. சுவர்களின் வலிமையை நாஸ்ட்ரானில் கணக்குப் போட்டிருந்தார்கள். நாஸ்ட்ரான் தப்புச் செய்யவில்லை, கொடுத்த கணக்கைச் சரியாகவே போட்டது. ஆனால் மூன்று சுவர்கள் கூடும் மூலையில் மெஷ் போதுமான அளவு நுணுக்கமாக இல்லை, துண்டுகளின் வடிவமும் சரியில்லை. அதனால் கான்கிரீட்டை வெட்டிப் பிளக்கப் பார்க்கும் ஷியர் என்ற தகைவு 47 சதவீதம் குறைவாக வந்தது. அதை நம்பிச் சுவரை மெலிதாகக் கட்டினார்கள், உள்ளே வைத்த கம்பியும் போதவில்லை. பிறகு நல்ல மெஷ் வைத்து அதே கணக்கைத் திரும்பப் போட்டபோது, 62 மீட்டரில் உடையும் என்று விடை வந்தது. உடைந்தது 65-இல்.

ஸ்லைப்னரில் டூல்பாருக்கு ஒரு பங்கும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்று ஒருவர் ஆப் செய்யும்போது முதலில் மறைப்பது எதை? மெஷ் அமைப்பைத்தான். பயனருக்கு அது புரியாது, குழப்பும், நேரம் வீணாகும் என்பார்கள். என் வேலையில் இப்படி ஆப்கள் செய்து கொடுப்பதுண்டு. முதல் கூட்டத்தில் அநேகமாக இதே வாக்குவாதம்தான். விற்பனைப் பக்கத்தவர் ஒரே ஒரு பச்சைப் பொத்தான் போதும் என்பார். கணக்குப் பக்கத்தவர் எல்லாத் திருகாணியும் வெளியே இருக்கட்டும் என்பார்.

இருவரிடமும் நியாயம் இருக்கிறது. மறைப்பது சில நேரம் பாதுகாப்பு. அந்த மூலையில் மெஷ் எவ்வளவு நுணுக்கமாக வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அதை ஒரு முறை சரியாக அமைத்துப் பூட்டிவிட்டால், அதற்குப் பின் வரும் நூறு பேர் அந்தத் தவறைச் செய்யவே முடியாது. ஆனால் பூட்டிய அமைப்பு ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்குத்தான் சரி. சுவரின் தடிப்பை மாற்ற ஒரு ஸ்லைடரையும் கொடுத்துவிட்டு மெஷ்ஷைப் பூட்டி வைத்தால், ஸ்லைடரின் ஒரு கோடியில் விடை பொய்யாகலாம். பொத்தான் அப்போதும் பச்சையாகவே இருக்கும். நான் எடுக்கும் பக்கம் இது: எதை வேண்டுமானாலும் மறையுங்கள், ஆனால் எந்த எல்லைக்குள் இந்த விடை செல்லும் என்பதை மறைக்காதீர்கள். எல்லை தாண்டினால் பொத்தான் சாம்பல் நிறமாகி அமுங்க மறுக்கட்டும். ஏன் மறுக்கிறது என்றும் ஒரு வரி சொல்லட்டும்.

நீங்கள் செய்து பார்க்கும்போது கவனிக்க இன்னொன்று. மேட்லாபில் டூல்பாரில் வைக்கும் பொத்தான் இரண்டு வகை. ஒன்று அமுக்கினால் துள்ளித் திரும்பும், மற்றது அமுங்கியே நிற்கும். இரண்டாவது வகைக்கு டாகிள் என்று பெயர், லைட் சுவிட்ச் மாதிரி. காம்சோலிலும் இதே இரட்டையர் உண்டு. துள்ளும் பொத்தான் ஒரு வேலையைச் செய்துவிட்டு மறந்துவிடும். டாகிள் ஒரு வாக்குமூலம்: 'புவியீர்ப்பு இப்போது கணக்கில் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே நிற்கிறது. வேறு ஏதோ காரணத்தால் மாடலில் புவியீர்ப்பு அணைந்துவிட்டு, டாகிள் மட்டும் அமுங்கியபடி நின்றால், திரை உங்களிடம் பொய் சொல்கிறது. டாகிளை வைத்தால் மாடலோடு அதன் நிலையைச் சேர்த்துக் கட்ட வேண்டும், அதுதான் வேலையில் பாதி. பொத்தான்களுக்கு நடுவே வைக்கும் சின்னக் கோட்டையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். 'சேமி'யையும் 'அழி'யையும் அந்தக் கோடுதான் பிரித்து வைக்கிறது.

பொத்தான் செய்தவர் வேலையை விட்டுப் போன பிறகு என்ன ஆகும்? இதுவும் வரலாற்றில் சேர்த்திதான். தொண்ணூறுகளிலிருந்து மேட்லாபில் ஆப் செய்ய கைடு என்ற பட்டறை இருந்தது. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ முனைவர் பட்ட மாணவர்கள் அதில் டூல்பாரும் பொத்தானும் வைத்து ஆப் செய்து, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 2016-இல் ஆப் டிசைனர் என்ற புதியது வந்தது. 2025-ஆம் ஆண்டின் முதல் பதிப்பில் கைடை எடுத்தே விட்டார்கள். பழைய ஆப்கள் ஓடும், ஆனால் அவற்றைச் செய்த பட்டறையில் திறந்து திருத்த வழியில்லை. உங்களில் யாராவது ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தால் அப்படி ஒரு ஆப் உங்கள் தலையில் விழலாம். அமுக்கினால் விடை வரும். உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்று கேட்டால், செய்தவர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கும்.

நாஸ்ட்ரான் கார்டுகளோ, எட்டு எட்டு எழுத்தாக, வெறும் எழுத்து ஃபைலில் இருக்கின்றன. இன்றைய நாஸ்ட்ரானும் அந்த வடிவத்தைப் படிக்கிறது.